விதியா, மீறிய விதியா?

பட்டாசு ஆலையிலே வெடி விபத்து! மறுநாள் தாளிலே படம் வருகிறது, அதற்கடுத்த நாள் இரங்கல் செய்தி, அதற்கும் அடுத்த நாள் ஊரார் வாயிலே ஒரே பேச்சு: "என்ன செய்வது, அவன் விதி!"

ஆம் தோழர்களே, விதிதான்! நாம் மறுக்கவில்லை. ஆனால் தலையிலே எழுதிய விதியல்ல. தாளிலே எழுதி, அச்சிட்டு, அரசு முத்திரையும் பெற்று, ஆலை அலுவலக அலமாரியிலே அயர்ந்து உறங்குகிற விதி! 2008ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகள் என்பது அதன் பெயர்.

மருந்து புழங்கும் அறையிலே நான்கு பேருக்கு மேல் வேலை செய்யலாகாது என்பது சிவகாசிப் பக்கத்திலே சிறுவனும் அறிந்த சட்டம். ஏன் நான்கு? தீ பாய்ந்தால் நால்வர் கதவை நோக்கித் தாவ வழியுண்டு. எட்டுப் பேர் குந்தியிருந்தால் ஒருவர் காலிலே ஒருவர் இடறி, எட்டுப் பேரும் கருகுவர். கணக்கு அவ்வளவு எளிது. ஆயினும் தீபாவளி நெருங்க நெருங்க, நான்கு ஆறாகிறது, ஆறு எட்டாகிறது. அறை போதாமல் மரத்தடி நிழலும் ஆலையாகிறது! எண்ணிக்கைக்குக் கூலி என்று வைத்துவிட்டால், கை வேகம் குறைந்தால் அடுப்பு குளிரும் என்பதைத் தொழிலாளிக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கை வேகம்தான் எமன். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் இம்மூன்றும் கலந்த மருந்து, தீக்குச்சிக்காகக் காத்திருப்பதில்லை. உராய்வு போதும். உதறிக் கொட்டினால் போதும். இரும்பு பட்டால் போதும். அலுமினியத் தூள் கலந்த மருந்திலே ஈரம் சேர்ந்தாலோ, தானே சூடேறும். ஆகவேதான் மீந்த மருந்தை இரவிலே அறையில் விட்டுச் செல்லாதே என்கிறார்கள். "பத்துப்படி மருந்து, காலையிலே பார்த்துக்கொள்வோம்" என்று மூடிவிட்டுப் போகிறவர், காலையிலே கதவைத் திறக்கப் போகிறவன் யாரென்று எண்ணினாரா? உரிமம் ஒருவர் பெயரில், உள்குத்தகை வேறொருவர் கையில் என்றால், எண்ண வேண்டியவர் எவர் என்பதே புரியாது. 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்திலே 20 பேருக்கு மேல் மாண்ட ஆலையிலும் இந்த உள்குத்தகைக் கதைதான் வெளிப்பட்டது.

இன்னொன்று சொல்லவேண்டும், நெஞ்சு கனக்கிறது. 2012 செப்டம்பர் 5. முதலிப்பட்டி. முதல் வெடிச் சத்தம் கேட்டதும் அக்கம்பக்கத்து மக்கள் ஓடினார்கள். எதிர்ப்பக்கம் அல்ல, புகையை நோக்கி! சிக்கியவரை மீட்க ஓடினவர் உண்டு, என்னவென்று பார்க்க ஓடினவரும் உண்டு. அப்போதுதான் அடுத்த வெடி. ஏறத்தாழ 40 பேர் மடிந்த அந்த நாளிலே, ஆலைக்குள் ஒருநாளும் கூலி வாங்காதவர் பலர். மனிதப் பண்பே அவர்களை இழுத்துச் சென்றது. அந்தப் பண்பை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் ஆலைப் பக்கத்து ஊர்களிலே இருக்கும் நம் தோழர்கள் வீடு வீடாகச் சொல்லட்டும்: முதல் வெடியை நம்பாதே, தீயணைப்புப் படையினர் வரும்வரை அண்டாதே.

வேலையிலே மட்டுமா இந்த அலட்சியம்? வேடிக்கையிலே இல்லையா? 2016 ஏப்ரல் 10ஆம் நாள், கேரளத்துப் பரவூர் புற்றிங்கல் கோயிலிலே விடியுமுன் வாணவேடிக்கை. போட்டிக்கு அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் மறுத்திருந்தது. இருந்தும் கொளுத்தினார்கள். பொறி, வெடி குவித்திருந்த கட்டடத்திலே விழுந்தது. 100 பேருக்கு மேல் பிணமானார்கள். அங்கும் ஒரு தாள் இருந்தது, அதிலே ஒரு 'கூடாது' இருந்தது!

நம் தெருவுக்கு வருவோம். தமிழ்நாட்டிலே தீபாவளியன்று காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று நேரம் குறித்திருக்கிறார்கள், 2018இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு. நேரத்தைப் பற்றி வாதிடுவோர் வாதிடட்டும். நாம் கேட்பது கம்பி மத்தாப்பைப் பற்றி. 'பாவம், குழந்தைக்கு அதுவாவது' என்று நீட்டுகிறோமே, அதன் நுனிச் சூடு 1,000 டிகிரி செல்சியஸை எட்டும் என்பதை அறிந்தா நீட்டுகிறோம்? எரிந்த கம்பியைத் தரையிலே வீசி, அடுத்த பிள்ளையின் வெறுங்காலுக்கு விருந்து வைக்கிறோம். ஒரு வாளித் தண்ணீரிலே போடக் கூடாதா? சுட்டுவிட்டாலோ இங்க், பற்பசை, மாவு! இவை எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரிலே 20 நிமிடம் பிடித்துவிட்டு, மருத்துவமனைக்கு நட.

தீபாவளிக்கு மறுநாள் காலை இன்னொரு கூத்து நடக்கும். வெடிக்காத வெடிகளைப் பொறுக்கி, உரித்து, மருந்தையெல்லாம் ஒரு தாளிலே கொட்டிக் கொளுத்துவார்கள் சிறுவர்கள். அதே வெடியுப்பு, அதே கந்தகம், அதே அலுமினியம். ஆலையிலே நான்கு பேருக்கு மேல் நெருங்கக் கூடாத மருந்தை, பத்துப் பிள்ளைகள் முகத்தைக் குனிந்து ஊதிக்கொண்டிருப்பார்கள். அன்று காலை, தேநீர்க் கடைக்குப் போகும் வழியிலே அப்படியொரு கூட்டத்தைக் கண்டால், தோழர்களே, தேநீர் காத்திருக்கட்டும்.