போலீஸ் ஸ்டேஷன் தஸ்தாவேஜுகளின் நகல் பெறும் முறை

சங்கத்தின் சரக்கு அறையில் களவு நடந்தால் நம் காரியதரிசிகள் போலீஸ் ஸ்டேஷனுக்குச் செல்லத் தவறுவதில்லை. புகார் எழுதிக் கொடுப்பதிலும் குறை வைப்பதில்லை. ஆனால் அப்புகார் எந்தப் பதிவேட்டில் ஏறியது, எந்த எண்ணில் நிற்கிறது, முடிவில் என்ன எழுதப்பட்டது என்பவற்றைக் காட்டும் காகிதத்தைக் கேட்டு வாங்கிச் சங்கத்தின் கோப்பில் சேர்ப்பவர் மிகச் சிலரே. ஆய்வுக்குச் செல்லும்போது நாம் வினவினால், "புகார் கொடுத்தாயிற்று ஐயா; ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரியும்" என்ற விடையே வருகிறது. ஸ்டேஷனில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் தணிக்கையாளருக்கும் போதாது. அவர்களுக்கு வேண்டியது காகிதம்.

நாம் அறிந்த பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் நேர்ந்ததைச் சொல்வோம். ஓரிரவில் பூட்டை உடைத்துப் பட்டு நூலையும் ஜரிகையையும் வாரிச் சென்றுவிட்டனர். காரியதரிசி நேர்மையானவர், மறுநாள் காலையிலேயே புகார் கொடுத்து ஒரு ரசீதும் பெற்று வந்தார். அந்த ரசீதே வழக்குப் பதிவு என்று அவரும் நிர்வாகக் குழுவினரும் நம்பியிருந்தனர். இன்ஷூரன்ஸ் கம்பெனி முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டபோதுதான் அப்படி ஓர் அறிக்கையே பதிவாகவில்லை என்பது புலப்பட்டது. நஷ்டஈட்டு மனு திரும்பி வந்தது. தணிக்கை அறிக்கையிலோ களவு என்று எழுதப்படாமல் "சரக்குக் குறைவு" என்று எழுதப்பட்டது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கச் சட்டம், 1983-ன் 87-ஆம் பிரிவின்படி அத்தொகையைக் காரியதரிசியிடமிருந்தே வசூலிக்கலாமா என்ற கேள்வியும் எழுந்தது. இதற்கிடையே பாவுக்கு நூல் கொடுக்கச் சங்கத்தில் சரக்கில்லாமல், அங்கத்தினர் பலர் சங்கத் தறியை நிறுத்திவிட்டு வெளி முதலாளிகளிடம் கூலிக்குப் போயினர். ஒரு காகிதத்தைப் பெயரறிந்து கேளாததன் விளைவு இவ்வளவு.

அவர் பெற்று வந்தது சி.எஸ்.ஆர். ரசீது. மனு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., வேறு, வழக்கு என்பது அதிலிருந்தே தொடங்குகிறது. வாரண்டு இன்றிப் போலீசார் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதைப் பொதுவிதியாக 2013-ஆம் ஆண்டில் லலிதா குமாரி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் வகுத்துள்ளனர். 2024 ஜூலை 1 முதல் பழைய கிரிமினல் புரொசீஜர் கோடுக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற சட்டம் அமலில் இருக்கிறது. அதன் 173-ஆம் பிரிவு, மூன்றாண்டு முதல் ஏழாண்டுக்குக் குறைவாகத் தண்டனையுள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் அனுமதி பெற்று 14 நாட்களுக்குள் பூர்வாங்க விசாரணை செய்துகொள்ள இடம் தருகிறது. அந்தக் கெடுவும் கடந்தபின் புகாரானது சி.எஸ்.ஆர். நிலையிலேயே உறங்கிக் கிடக்குமானால் காரியதரிசி சும்மா இருக்கலாகாது. மாவட்டப் போலீஸ் சூப்பரின்டென்டண்டுக்குப் புகாரின் சாரத்தைத் தபாலில் எழுதி அனுப்பலாம். அதற்கும் பயனில்லையெனில் மாஜிஸ்டிரேட்டிடம் மனுச் செய்யலாம். இவ்விரண்டும் அதே பிரிவில் எழுதப்பட்டுள்ள வழிகளே.

எஃப்.ஐ.ஆர். பதிவானவுடன் அதன் நகலைத் தகவல் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ இலவசமாகத் தரவேண்டும். "பாதிக்கப்பட்டவர்" என்ற சொல் புதிய சட்டத்தில் சேர்ந்தது. நமக்கு மிக அனுகூலமானது. இரவுக் காவலாளியின் பெயரில் புகார் பதிவாகியிருந்தாலும், சரக்கை இழந்தது சங்கம் என்ற முறையில் காரியதரிசி நகல் கேட்கலாம். இதற்காக ஐந்நூறும் ஆயிரமும் பெறும் தரகர்கள் ஸ்டேஷன் வாசலிலும் டீக்கடையிலும் நிற்பதைக் காண்கிறோம். இலவசமாகக் கிடைப்பதற்கு விலை கொடுப்பதைக் காட்டிலும், அத்தொகைக்குச் சங்கத்தின் கதவுக்கு நல்ல பூட்டொன்று வாங்கிப் போடலாம்.

நிற்க. புகார் எழுதும்போதே ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவையொட்டி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டு, போலீசார் தாமே வழக்குப் பதிந்து கைது செய்யத்தக்க குற்றமன்று என்ற வகையில் வைக்கப்பட்டிருக்கிறது. கிணற்று மோட்டாரின் தாமிரக் கேபிளைப் பறிகொடுத்த விவசாயி, "கேபிள் திருட்டுப் போயிற்று" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், அற்பத் திருட்டு என்று அது ஒதுக்கப்பட இடமுண்டு. எத்தனை மீட்டர், எந்த ஆண்டில் என்ன விலைக்கு வாங்கியது என்று எழுதி, கடை ரசீதையும் இணைப்பது நலம். சங்கத்தின் சரக்கு அறையைப் பற்றிய நிலை வேறு. பொருள் வைத்துக் காக்கும் கட்டடத்தில் நடக்கும் திருட்டுக்கு 305-ஆம் பிரிவு தனியே ஏழாண்டு வரை தண்டனை விதிக்கிறது. ஆகவே பொருள் இருந்தது பூட்டிய சரக்கு அறையில் என்பதைப் புகாரின் முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். பொதுமக்கள் பார்வைக்கும் உரியதே. பதிவான 24 மணி நேரத்தில் அதைப் போலீஸ் இலாகாவின் இணையதளத்தில் ஏற்றவேண்டும் என்று 2016-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இணைய வசதி குறைந்த இடங்களுக்கு 72 மணி வரை தவணை உண்டு. மாவட்டம், ஸ்டேஷன், ஆண்டு, எண் ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் போன்றவை சம்பந்தப்பட்ட அறிக்கைகள் ஏற்றப்படுவதில்லை. அது நியாயமே. இங்கு ஓர் எச்சரிக்கை: எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்ன குற்றச்சாட்டு; தீர்ப்பன்று. அங்கத்தினர் ஒருவரின் பெயர் அதில் காணப்பட்டதென்று அதை அச்செடுத்து மகாசபைக் கூட்டத்தில் வீசுவோரும் உளர். சங்கத் தேர்தல் வரும் பருவத்தில் இவ்வழக்கம் அதிகரிப்பதையும் நாம் கவனித்ததுண்டு.

எஃப்.ஐ.ஆர். தவிர்ந்த பிற தஸ்தாவேஜுகளுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 பயன்படும். மனுவைத் தமிழிலேயே எழுதி, பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, மாவட்டப் போலீஸ் சூப்பரின்டென்டண்டு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தபாலில் அனுப்பலாம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இச்சட்டத்தின் உரிமை குடிமகனுக்கு உரியது, சங்கத்துக்கு உரியதன்று. லெட்டர்ஹெட்டில் "சங்கம் கோருகிறது" என்று எழுதி முத்திரையிட்டு அனுப்பிய மனுக்கள் இக்காரணத்தாலேயே திரும்புகின்றன. காரியதரிசியோ தலைவரோ தம் சொந்தப் பெயரில், இந்தியக் குடிமகன் என்ற முறையில் கையொப்பமிடுவதே சரி. பதவியைக் கீழே குறிப்பதில் தவறில்லை.

கேட்கும் விதத்திலும் சூட்சுமம் உண்டு. "ஏன் இன்னும் நடவடிக்கை இல்லை?" என்று கேட்டால் பதில் வராது. ஏனென்றால் அலுவலர் தர வேண்டியது பதிவில் உள்ளதை. காரணம் கற்பித்து எழுதுவது அவர் கடமையன்று. "இன்ன தேதியில் நான் கொடுத்த, இன்ன சி.எஸ்.ஆர். எண்ணுள்ள மனுவின்மீது எழுதப்பட்ட விசாரணை அறிக்கையின் நகலும், மனு முடிக்கப்பட்டிருப்பின் அந்த உத்தரவின் நகலும் தருக" என்று கேட்க வேண்டும். பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டணம். 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். அதைக் கடந்தால் நகலைக் கட்டணமின்றித் தரவேண்டும். பதில் வராவிடினும் திருப்தியில்லாவிடினும் 30 நாட்களுக்குள் மேலதிகாரிக்கு முதல் அப்பீல். அதன்பின் 90 நாட்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் அப்பீல்.

புலன்விசாரணைக்கு இடையூறாகும் விவரங்களையும், தகவல் தந்தவரின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பவற்றையும் மறுக்க 8-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆயினும் "விசாரணை நடக்கிறது" என்ற ஒரே வாக்கியம் மறுப்புக்குப் போதாது, எவ்விதம் இடையூறாகும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என்பது 2007-ல் பகத் சிங் வழக்கில் டில்லி ஹைகோர்ட் கூறியது. அப்பீல் எழுதும்போது இத்தீர்ப்பைக் குறிப்பிடலாம்.

சங்கப் பணத்தைச் சங்கத்தாரே கையாடிய வழக்குகள் வேறு வழியில் செல்கின்றன. அவற்றை விசாரிக்கப் போலீஸ் இலாகாவில் வணிகக் குற்றப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அங்கே பதிவான வழக்கின் நகலை ஊர் ஸ்டேஷனில் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தவர்களை நாம் கண்டிருக்கிறோம். வழக்கு எங்கே பதிவானது என்பதை முதலில் துணைப்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

வழக்கின் நிலையைத் தகவல் கொடுத்தவருக்கு 90 நாட்களுக்குள் தெரிவிக்கப் புதிய சட்டத்தின் 193-ஆம் பிரிவு போலீசாரைக் கட்டாயப்படுத்துகிறது. களவு துப்புத் துலங்கவில்லை என்று வழக்கை முடிப்பதாயின் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். பெரும்பாலும் சங்கத்தின் எழுத்தர் கையொப்பமிட்டு வாங்கி மேஜை அறையில் போட்டுவிடுகிறார். அந்த நோட்டீஸ் இருவகையில் முக்கியமானது. அம்முடிவை மாஜிஸ்டிரேட் ஏற்குமுன் புகார்தாரரின் ஆட்சேபணையைக் கேட்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 1985-லேயே விதித்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் அப்போதே சொல்ல வேண்டும். ஆட்சேபணை இல்லையென்றாலும், பொருள் கண்டுபிடிக்கப்படவில்லை என்ற இறுதி அறிக்கையைத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி கடைசியாகக் கேட்கும். அவ்வறிக்கை மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் இருக்கும். நகல் மனுப் போட்டு, கோர்ட்டின் முத்திரையுடன் சான்றிட்ட நகல் இரண்டு பெற்று, ஒன்றைக் கம்பெனிக்கு அனுப்பி மற்றதைச் சங்கத்தில் வைத்துக்கொண்டு, வழக்கு எண்ணையும் தேதியையும் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும்.