காலிப்பர் தரும் வலி: திருத்தமும் உரிமையும்

இளம்பிள்ளை வாதம், பக்கவாதம், பெருமூளை வாதம் போன்றவற்றால் பாதத்தின் முன்பகுதியைத் தூக்க இயலாதவர்கள் விரல் இடறாமல் நடப்பதற்காக, கெண்டைக்காலிலிருந்து உள்ளங்கால் வரை அணிவிக்கப்படும் கணுக்கால்-பாதத் தாங்கியே பேச்சுவழக்கில் காலிப்பர் எனப்படுகிறது. புதிதாக அணிவோர் நாளுக்குச் சில மணி நேரமாகத் தொடங்கிப் பழகவேண்டியது இயல்பே எனினும், தொடர்ந்து வலித்தால் அது தாங்கியின் குறையேயன்றி அணிபவர் சகித்துக்கொள்ள வேண்டியதன்று.

தாங்கியைக் கழற்றியபின் தோலில் தெரியும் சிவப்பு அரைமணி நேரத்துக்குள் மறையாவிட்டால், அவ்விடத்தில் அழுத்தம் மிகுந்துள்ளது என்று பொருள். கணுக்கால் மொழி, குதிகால், சுண்டுவிரலின் அடிப்பகுதி ஆகிய எலும்பு துருத்திய இடங்களிலேயே புண் எளிதில் உண்டாகிறது. நீரிழிவாலோ தொழுநோயாலோ உணர்ச்சி குன்றிய கால்களில் வலியே தெரியாதாகையால், நாள்தோறும் கண்ணால் பார்த்துச் சோதிப்பது இன்றியமையாதது.

குதிகால் தாங்கிக்குள் முழுமையாகப் பதிந்தபின் கணுக்கால் பட்டையை முதலில் இறுக்குவதும், தாங்கியின் விளிம்புக்கு மேல் வரும் மடிப்பற்ற பருத்திக் காலுறை அணிவதும், செருப்புக்கடையில் அரை அளவு பெரிய, கயிறு கட்டும் ஷூவைத் தேர்ந்து அதன் உள்தகட்டை எடுத்துவிடுவதும் வீட்டார் செய்யக்கூடியவை. ஷூவின் குதி உயரம் மாறினால் முழங்கால் முன்னோ பின்னோ தள்ளப்படுமாதலால், புதிய ஷூவை வல்லுநரிடம் காட்டுவது நல்லது. பெரும்பாலான பிளாஸ்டிக் தாங்கிகள் பாலிபுரோப்பிலீனால் ஆனவை. அழுத்தும் இடத்தைச் சூடுகாட்டி வெளித்தள்ளுவதும் விளிம்பை அரைப்பதும் பயிற்சி பெற்றவரின் பணியாகும், வீட்டு அடுப்பில் சூடாக்கினால் வடிவம் கெட்டு விரிசல் விழும்.

தாங்கியைத் திருத்தும் இப்பணியைச் செய்வோர் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும் என்பதால், பதிவெண்ணைக் கேட்பது பயனாளியின் உரிமையாகும். ஒன்றிய அரசின் உதவி உபகரணத் திட்டத்தில் 40 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனச் சான்று உடையோராய், வருமான வரம்புக்கு உட்பட்டோர் தாங்கி பெறலாம். அதே உதவியை மீண்டும் பெற மூன்றாண்டு இடைவெளி வேண்டும், விரைவில் வளரும் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கோ ஓராண்டு போதும். காசு கொடுத்து வாங்கிய தாங்கியின் குறையைத் தயாரித்தவர் சரிசெய்ய மறுத்தால் இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். மாற்றுத்திறனாளியின் உரிமை மறுக்கப்பட்டால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அவர்களுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். இம்முறையீடுகளுக்கு ரசீது, மருத்துவரின் பரிந்துரைச் சீட்டு, சிவந்த இடத்தின் தேதியிட்ட புகைப்படம் ஆகியவற்றைப் பாதுகாத்து வைப்பது பெரிதும் துணைபுரியும்.