மென்பொருள் படும் கடன்

கடன் என்றால் பணக்கடன் மட்டுந்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? மென்பொருளும் கடன்படும், வட்டியும் கட்டும். வேலையைச் சீக்கிரம் முடிக்கக் குறுக்கு வழியில் ஒரு நிரலை எழுதிவிட்டால், பிறகு அதைத் தொடும்போதெல்லாம் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பே வட்டி. நிரலைத் திருத்தி எழுதுவது அசலை அடைப்பதாகும். 1992-இல் இந்த உவமையைச் சொன்னவர் அமெரிக்க நிரலாளர் வார்டு கன்னிங்ஹாம். ‘தொழில்நுட்பக் கடன்’ என்பது இதன் பெயர்.

எடுத்துக்காட்டைத் தேடி அமெரிக்கா போக வேண்டாம். நம் தமிழ் எழுத்தையே பாருங்கள்.

கணிப்பொறிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். ஒவ்வோர் ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் முன்பே ஒதுக்கப்பட்டிருந்தது. 1990-களில் தமிழில் அச்சிட விரும்பியவர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். எண்களை அப்படியே விட்டுவிட்டு, திரையில் தோன்றும் வடிவத்தை மட்டும் மாற்றினார்கள். ‘பாமினி’ எழுத்துருவில் ஆங்கில ‘ஜே’யின் இடத்தில் ‘த’ வரும். ‘கே’யின் இடத்தில் ‘ம’ வரும். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி! இதை நான் குறைசொல்ல மாட்டேன். கையிலிருந்த கருவியைக் கொண்டு தமிழை அச்சேற்றிய கெட்டிக்காரத்தனம் அது. கடன் வாங்குவதே குற்றமாகிவிடாது.

இனி வட்டியைப் பார்ப்போம். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் நெடுஞ்சாலையில் உள்ள புதுவாயலில் ஒரு தட்டச்சுக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். சிப்காட் ஆலைகளுக்கு எச்சரிக்கைப் பலகைகள் அச்சிடுகிறார்கள். ‘50 கிலோவுக்கு மேல் தூக்காதீர்’ என்பது 1998-இல் அடித்த வாசகம். ‘கிலோ’வை மட்டும் ஆங்கிலச் சுருக்கமாகக் கே, ஜி என்று அடித்திருந்தார்கள். இன்று அதைப் புதிய கணிப்பொறியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளே வருகின்றன. மாற்றும் நிரலிடம் கொடுத்தால் தமிழ் வந்துவிடும். ஆனால் ‘கே’ ‘ம’ ஆகும், ‘ஜி’ ‘ப’ ஆகும். பலகையில் ‘50 மப’ என்று நிற்கும்!

நிரல் முட்டாளா? இல்லை. எந்த இடத்தில் எந்த எழுத்துரு என்ற குறிப்பு கோப்பில் இருந்தால் நல்ல நிரல் பிரித்தறிந்துவிடும். வெறும் எழுத்துகளாக நகலெடுத்தபோது அந்தக் குறிப்பு தொலைந்துபோயிற்று. எண் 107 ஆங்கிலமா, தமிழா? எண்ணைக் கேட்டால் அது சொல்லாது.

இன்னொரு வட்டியும் உண்டு. ‘கொ’ என்பதைப் பாமினி கொம்பு, க, கால் என்று பார்வை வரிசையில் சேமிக்கிறது. அகரவரிசைப்படுத்தச் சொன்னால் ‘கொடி’யும் ‘பெட்டி’யும் கொம்பின் கீழ் ஒன்றாகப் போய் உட்காரும்.

அசலை அடைக்கும் முயற்சிகள் நடந்தன. உலக மொழிகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஒருங்குறி 1991-இல் வெளிவந்தது. தமிழ்நாடு அரசு 1999-இல் ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு தரங்களை அறிவித்தது. 2010-இல் ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் பழைய கோப்புகள் தாமாக மாறிவிடுமா?

அந்தக் கடைக்காரர் என்ன செய்யலாம்? புதிதாக அடிப்பதையெல்லாம் ஒருங்குறியிலேயே அடிக்கட்டும், கடன் வளராது. பழையவற்றுள் அடிக்கடி கேட்கப்படுவதை முதலில் மாற்றி, அச்சிட்ட பழைய தாளோடு ஒப்பிட வேண்டும். அந்தத் தாள் கிழிந்துபோகுமுன், அடித்தவர் நினைவு மங்குமுன் செய்வது நல்லது. மூலக் கோப்பை அழிக்கக் கூடாது. எழுத்துருவின் பெயரை அதன் தலைப்பிலேயே எழுதி வைக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் பிரித்த மாப்பிள்ளை அழைப்பிதழ்க் கோப்பை யாரும் கேட்கப்போவதில்லை, அதை விட்டுவிடலாம். எல்லாக் கடனையும் அடைத்தே தீர வேண்டும் என்பது வீண் பிடிவாதம் என்பேன்.

ஒருங்குறியிலும் பழைய கடன் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1988-இல் வகுத்த ஒரு தரத்தைத் தழுவியே தமிழுக்கும் இடம் ஒதுக்கினார்கள். அதில் ‘ம்’ என்பது ஓர் எழுத்தல்ல. ‘ம’வும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. பள்ளிக் கணிப்பொறியில் பைத்தான் இருந்தால், ‘அம்மா’வின் நீளத்தைக் கேட்டுப் பாருங்கள். மூன்று என்று சொல்லாது, ஐந்து என்று சொல்லும்.