விமானி பேசும் ஆங்கிலம்

ஆங்கிலம் கற்பித்த காலத்தில், ‘ஃபேன்’ என்பதைப் ‘பேன்’ என்று ஒலித்த பிள்ளைகளை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். அவர்கள் நாணித் தலைகுனிவார்கள். தாய்மொழியின் சாயல் பிறமொழியில் படிவது பெருங்குறை என்பதே அந்நாளில் என் துணிபு. வான்வழிப் போக்குவரத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு அத்துணிபு தளர்ந்தது.

விமானத்தில் இருப்பவர் ஒரு நாட்டினர். தரையில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் மற்றொரு நாட்டினர். இருவரும் முகம் பார்ப்பதில்லை. இரைச்சலுக்கிடையே வானொலியில் வரும் குரல் ஒன்றே அவர்களை இணைப்பது.

1977 மார்ச் 27 அன்று கானரித் தீவுகளைச் சேர்ந்த தெனெரிஃபேயில் மூடுபனி கவிந்திருந்தது. ஓடுபாதையின் முனையில் ஒரு டச்சு விமானம். அதே பாதையில் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது ஓர் அமெரிக்க விமானம். ‘இப்பொழுது நாங்கள் டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்னும் பொருள்பட டச்சு விமானத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு தொடர் வந்தது. உண்மையில் அது ஓடத் தொடங்கிவிட்டது. கோபுரத்திலிருந்தவரோ, அது புறப்பட ஆயத்தமாக நிற்கிறது என்று கொண்டார். பொறுத்திருக்குமாறு அவர் கூறிய சொற்களும், அமெரிக்க விமானி அதே நேரத்தில் விடுத்த எச்சரிக்கையும் ஒன்றோடொன்று மோதிக் கீச்சொலியாயின. இரு விமானங்களும் மோதி 583 பேர் மாண்டனர். இங்கே உச்சரிப்பில் பிழையில்லை என்பதைக் கவனியுங்கள். வாக்கியம் இருபொருள் பட்டது; அவ்வளவே. அதன் பின்னர், ‘டேக்-ஆஃப்’ என்னும் சொல்லைப் புறப்பட அனுமதி தரும்போதும் அதை நீக்கும்போதும் மட்டுமே ஆளவேண்டும், பிற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்லவேண்டும் என்று முறை வகுத்தார்கள்.

நம் நாட்டிலும் அத்தகைய துயரம் நேர்ந்தது. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவிலுள்ள சர்க்கி தாத்ரியின் மேலே சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தனர். கஜகஸ்தான் விமானம் தனக்கு இடப்பட்ட 15,000 அடிக்குக் கீழே இறங்கிவிட்டது. அதன் விமானிகளுக்கு ஆங்கிலத்தில் போதிய பயிற்சியின்மையும் விசாரணையில் ஒரு காரணமாகக் கூறப்பட்டது.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2003-இல் வகுத்த மொழித்தேர்ச்சி விதிகள் 2008-இல் நடைமுறைக்கு வந்தன. தேர்ச்சிக்கு ஆறு படிகள். நான்காம் படியாவது எட்டவேண்டும். உச்சரிப்பைப் பற்றி அவ்விதி கூறுவதே என்னை வியக்கவைத்தது. தாய்மொழியின் சாயல் இருக்கலாம். அது புரிதலுக்குச் சிற்சில வேளைகளில் மட்டுமே இடையூறாக இருக்கவேண்டும் என்பதே நான்காம் படி. இலண்டன்காரரைப்போல் பேசு என்று அது எவரையும் கேட்கவில்லை. நிமிடத்திற்கு நூறு சொற்களுக்கு மேற்படாமல் நிதானமாகப் பேசவேண்டும் என்ற பரிந்துரையும் உண்டு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவருக்கும் அது பொருந்தும். விரைந்து பொழியும் ஆங்கிலேயரும் இங்கே மாணவரே.

எண்களைப் பாருங்கள். ‘த்ரீ’ என்பதை ‘ட்ரீ’ என்றும், ‘ஃபைவ்’ என்பதை ‘ஃபைஃப்’ என்றும் ஒலிக்கவேண்டும். ஃபைவும் நைனும் இரைச்சலில் ஒன்றுபோல் கேட்பதால் ‘நைன்’ என்பது ‘நைனர்’ ஆயிற்று. பல நாட்டார் நாவுக்கு எளிதில் வராத ஒலியை ஆங்கிலமே விட்டுக்கொடுத்துவிட்டது! இதைப் படித்தபோது என் வகுப்பறைப் பிரம்பு நினைவுக்கு வந்தது.

மற்றொரு வழக்கம் இவை அனைத்தினும் மேலானது என்பேன். உயரம் பற்றிய ஆணையைக் கேட்ட விமானி, அந்த எண்ணையும் தம் விமானத்தின் அழைப்புப் பெயரையும் திருப்பிச் சொல்லவேண்டும். கோபுரத்தார் அதைக் காதூன்றிக் கேட்டு, பிழையிருப்பின் உடனே திருத்தவேண்டும். ‘புரிந்ததா?’ என்று நான் வகுப்பில் கேட்பேன். ‘புரிந்தது, ஐயா’ என்று நாற்பது குரல்கள் ஒருசேர எழும். நானும் மனநிறைவோடு அடுத்த பாடத்திற்குப் போய்விடுவேன். அவ்விடையைக் கோபுரத்தார் ஏற்கமாட்டார். பத்தாயிரம் அடி என்றால் பத்தாயிரம் அடி என்ற சொற்களே அவர் காதில் திரும்பி விழவேண்டும்.