உங்களுக்குத் தெரியுமா? வாடைக்காலமும் கொடுவாவும்

மன்னார் தீவின் வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. நவம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று வீசும்போது வடகரையிலுள்ள பேசாலைப் பக்கத்துக் கடல் கொந்தளிக்கும். தீவின் மறைவிலுள்ள தென்கடல் அடங்கிக் கிடக்கும். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பிறந்தால் நிலைமை தலைகீழ். அதனால் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு படகுக்காரருக்கு, எந்தக் கரையில் படகை இறக்குவது என்பதைக் காற்றே முடிவு செய்கிறது.

காற்றிலிருந்து மீனுக்கு வருவோம். வட அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் படகு மீன்பிடிக்குப் பேர்போனது ஸ்ட்ரைப்ட் பாஸ் என்ற மீன். மன்னார்க் கடலில் அது இல்லை. அதற்கு ஈடாகச் சொல்லத்தக்கது நம் கொடுவா.

இரண்டும் உப்புநீர், நன்னீர் இரண்டிலும் வாழும். ஆனால் போக்கு நேரெதிர்: ஸ்ட்ரைப்ட் பாஸ் முட்டையிட ஆற்றுக்குள் ஏறும், கொடுவா உவர்நீரை நாடிக் கழிமுகத்துக்கு இறங்கும். இன்னும் வியப்பானது, பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாகவே முதிர்ச்சியடைந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகின்றன. ஒரு மீற்றரைத் தாண்டிய கொடுவா பெரும்பாலும் பெண்தான். அது பிடிபட்டால் அடுத்த பருவத்துக்குரிய பல மில்லியன் முட்டைகளும் அதனுடன் போய்விடும். கழிமுகங்களில் பெரிய கொடுவாவை விட்டுவைப்பது மீனவருக்கே இலாபம்.