நோய் வருமுன் கட்டிய பணம்

மருத்துவத்தை அரசு நடத்த வேண்டுமா, தனியாரிடம் விட வேண்டுமா என்ற விவாதத்தில் பிரிட்டனும் அமெரிக்காவும் எதிரெதிர் உதாரணங்களாக வந்துவிடும். கூடவே தைவானையும் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் துலங்கும்.

பிரிட்டனில் தேசிய சுகாதாரச் சேவை 1948 ஜூலை 5 அன்று தொடங்கியது. சிறுவயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்த அனைரின் பெவன்தான் அப்போது சுகாதார அமைச்சர். மருத்துவமனைகளை அவர் அரசுடைமை ஆக்கினார். செலவு வரிப்பணத்தில் நடக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவர் கையில் யாரும் பில் நீட்டுவதில்லை. ஆனால் காத்திருப்பு நீண்டுவிட்டது. அண்மை ஆண்டுகளில் இங்கிலாந்தின் பட்டியல் 70 லட்சத்தைத் தாண்டியது. மூட்டு மாற்றுக்காக மாதக்கணக்கில் வலியோடு காத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் 1965-ல் முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் வந்தன. மற்றவர்களில் பெரும்பாலோருக்கு வேலை தரும் நிறுவனம் வழியே தனியார் காப்பீடு. வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும். ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனமும் ஒவ்வொரு மருத்துவமனையோடும் தனித்தனியாக விலை பேசுவதால், ஒரே ஸ்கேனுக்கு ஆளுக்கொரு விலை. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 17 சதவீதம் மருத்துவத்துக்குப் போகிறது. அப்படியும் 2.5 கோடிக்கும் மேற்பட்டோருக்குக் காப்பீடு கிடையாது.

தைவானில் மருத்துவமனைகளும் கிளினிக்குகளும் பெரும்பாலும் தனியாருடையவை. 1995 மார்ச்சில் அரசு எல்லோரையும் ஒரே காப்பீட்டுக்குள் கட்டாயமாகச் சேர்த்தது. மாதச் சம்பளக்காரரின் பிரீமியத்தில் 60 சதவீதம் முதலாளியும், 30 சதவீதம் ஊழியரும், மீதியை அரசும் கட்டுகின்றன. சிகிச்சைக்கு நாடு முழுக்க ஒரே கட்டணப் பட்டியல்; நோயாளி தருவது சிறு தொகை. கையில் ஒரு அட்டை இருந்தால் விரும்பிய மருத்துவரிடம் போகலாம். கூட்டம் அதிகம் என்பதால் மருத்துவர் சில நிமிடங்களே பேசுகிறார், செவிலியர்கள் களைத்துப்போகிறார்கள் என்பது அங்குள்ள குறை.

மருத்துவமனை யார் பெயரில் இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம் என்பதைத் தைவான் காட்டுகிறது. எல்லோரும் ஒரே நிதியில் சேர்வதும், விலையை முன்கூட்டியே பேசி முடிப்பதும்தான் ஏழையைக் காப்பாற்றுகின்றன. அந்த நிதிக்குப் போதிய பணம் ஒதுக்காவிட்டால் வரிசை நீளும் என்பது பிரிட்டன் தரும் பாடம். உழைத்துச் சம்பாதிக்கும் நாளில் ஒவ்வொருவரும் தம் சக்திக்கேற்பக் கட்டட்டும்; படுக்கையில் கிடப்பவரிடம் பணம் கேட்கும் முறையை எந்த நாடும் ஏற்கக் கூடாது.