காற்றைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா?

பிரிட்டன், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் பெரும்பாலான வீடுகளைச் சூடாக்குவது குழாயில் ஓடும் வெந்நீர்தான். பாய்லரில் காய்ந்த நீரை ஒரு பம்ப் தள்ளிவிடுகிறது. சுவரோரம் நிற்கும் ரேடியேட்டர்களில் வெப்பத்தை விட்டுவிட்டு அந்த நீர் மறுபடி பாய்லருக்கே திரும்புகிறது. ஈழத்திலிருந்து போய் அங்கே குடியமர்ந்த தமிழர்களுக்கும் இது பழகிப்போன ஏற்பாடு. இலையுதிர்காலத்தில் முதல் தடவையாக பாய்லரைப் போடும்போது ரேடியேட்டரின் அடிப்பாகம் சுடும், மேல்பாகம் சில்லென்று கிடக்கும், குழாய்க்குள் களகளவென்று சத்தம் கேட்கும். உள்ளே காற்று சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். விரலளவு சாவி ஒன்றால் மேல்முனைத் திருகைத் தளர்த்தினால் புஸ்ஸென்று காற்று வெளியேறும், நீர் கசியத் தொடங்கியதும் மூடிவிடலாம். இந்த வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் வம்பு. ஆண்டுக்கு ஒரு முறை செய்தால் அது பராமரிப்பு. மாதந்தோறும் செய்ய நேர்ந்தால், அந்த அமைப்பில் வேறெங்கோ பழுது இருக்கிறது, சாவி அதை மறைத்துக்கொண்டிருக்கிறது.

அடைத்து மூடிய குழாய்க்குள் காற்று எப்படி வந்தது? முதலில், நீரோடு கரைந்தே வந்தது. அழுத்தம் கூடினால் நீரில் கரையும் வாயுவும் கூடும் என்று மான்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி 1803-இல் காட்டினார். சூடு ஏறினால் கரையும் அளவு குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் குழாய்நீர் சுமார் 23 மில்லிலிட்டர் காற்றைக் கரைத்து வைத்திருக்கும். அதையே 80 டிகிரிக்குக் காய்ச்சினால் பெரும்பகுதி குமிழாகப் பிரிந்துவிடும். ஆகவே புதிதாக நீர் நிரப்பிய அமைப்பில் சில வாரங்களுக்குக் காற்று வருவது இயல்பு, அதற்காகப் பதற வேண்டியதில்லை. அந்தக் கரைந்த காற்றில் ஆக்ஸிஜன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அது ரேடியேட்டரின் எஃகைத் துருப்பிடிக்கவைத்துத் தானும் தீர்ந்துபோகும். மிஞ்சும் நைட்ரஜனைத் திறந்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகும் அதே நீர் சுற்றிச் சுற்றி வருமானால் துருவும் ஏறக்குறைய நின்றுவிடும். பழைய நீர் பார்ப்பதற்கு அழுக்காக இருக்கலாம், ஆனால் எஃகுக்கு நல்லது அதுதான்.

இங்கேதான் அடிக்கடி காற்றைத் திறந்துவிடும் பழக்கம் கெடுதல் செய்கிறது. ஒவ்வொரு முறையும் அழுத்தம் கொஞ்சம் இறங்கும், வீட்டுக்காரர் நிரப்பு வால்வைத் திறந்து புதுநீரை விடுவார், அதனோடு புது ஆக்ஸிஜன் உள்ளே போகும். துரு கருஞ்சேறாகி ரேடியேட்டரின் அடியில் படியும். அரிப்பின் விளைவாக ஹைட்ரஜனும் உண்டாகி மேலே சேரும். காற்று என்று நினைத்துத் திறந்துவிடுவது சில வேளை எரியக்கூடிய வாயுவாகவும் இருக்கும், பக்கத்தில் நெருப்பு ஆகாது. “ஒன்றிரண்டு லிட்டர் நீரால் என்ன கெட்டுப்போகும்?” என்று கேட்கலாம். ஒரு தடவைக்கு ஒன்றும் கெடாது. நீர் ஏன் திரும்பத் திரும்பக் குறைகிறது என்பதுதான் கேள்வி. பல வீடுகளில் குற்றவாளி விரிவுத் தொட்டி. காயும்போது பெருகும் நீருக்கு இடம் கொடுப்பதற்காக, ரப்பர் சவ்வுக்குப் பின்னால் காற்றை அடைத்துவைத்த கலம் அது. அந்தக் காற்று இறங்கிப்போனால், சூடேறும்போது அழுத்தம் எகிறிப் பாதுகாப்பு வால்வு நீரைக் கொட்டும். ஆறியதும் அழுத்தம் தரைதட்டும். மறுபடி புதுநீர், மறுபடி காற்று.

பம்பை வைக்கும் இடமும் காற்றை வரவழைக்கும். விரிவுத் தொட்டி குழாயோடு சேரும் இடத்தில் பம்ப் ஓடினாலும் நின்றாலும் அழுத்தம் மாறுவதில்லை. பம்ப் அந்த இடத்திலிருந்து நீரை வாங்கித் தள்ளினால் மற்றக் குழாய்களில் அழுத்தம் ஏறும். தொட்டியை நோக்கித் தள்ளினாலோ மாடிக் குழாய்களில் அழுத்தம் இறங்கி, சில சமயம் வெளிக்காற்றுக்கும் கீழே போய்விடும். அப்போது தளர்ந்த இணைப்பு வழியே நீர் வெளியே கசியாது, காற்று உள்ளே இழுக்கப்படும். உறிஞ்சு குழாயில் ஓட்டை விழுந்த கிணற்று மோட்டார் ஏர் எடுப்பது போலத்தான்.

“தானியங்கிக் காற்று வால்வு போட்டால் தீர்ந்தது” என்பார்கள் சிலர். நல்ல கருவிதான், ஆனால் அழுத்தம் இறங்கிய இடத்தில் அதுவே காற்றை உள்ளே விடும் வாசலாகிவிடும். நீர் மிகச் சூடாக இருக்கும் பாய்லரின் வெளிவாயை அடுத்து, பம்புக்கு முன்னால், நுண்குமிழ்களைப் பிடிக்கும் பிரிப்பானைப் பொருத்துவது அதைவிட மேல். தரைக்கடியில் பிளாஸ்டிக் குழாய் பதித்த வீடுகளில் இன்னொரு சிக்கல்: ஆக்ஸிஜன் பிளாஸ்டிக்கின் ஊடாகவே நுழைந்துவிடும். அதைத் தடுக்கும் பூச்சுள்ள குழாய்களுக்கென ஜெர்மனியில் டின் 4726 என்ற தர விதியே இருக்கிறது.

அடுத்த முறை சாவியை எடுக்கும் முன், பம்பை நிறுத்தி, நீர் ஆறியபின் அழுத்தமானியைப் பாருங்கள். சாதாரண வீட்டுக்கு 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். கீழ்த்தளத்திலிருந்து தொடங்கிக் காற்றைத் திறந்துவிட்டு, குறைந்த நீரை நிரப்பி, தேதியைக் குறித்துவையுங்கள். அதே குளிர்காலத்தில் இரண்டாம் முறையும் நிரப்ப நேர்ந்தால் விரிவுத் தொட்டியைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.